ஜெபப் பெட்டியில் என் பெயர்

அரக்கோணம்
13.6.2024

ஹெலன்,

கடிதத்தின் முதல் வரியில் தோத்திரம் எழுத வேண்டும் என்று எங்கள் அம்மா பழக்கியிருக்கிறாள். இன்றைக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை கூப்பிட்டபோது எடுத்தாய். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், வைத்துவிட்டாய். அதன் பிறகு எட்டு தடவை கூப்பிட்டேன். "அத்தை உன் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்கம்மா" என்று என் மகள் ப்ரிசில்லா சொன்னாள். போனை அடைக்கலாம். தபால்காரரை அடைக்க முடியாது.

ஆம்பூரிலிருந்து மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். கோவிலில் ஜெபப் பெட்டியில் நீ ஒரு சீட்டு போட்டாயாம். புதிதாக மாற்றலாகி வந்த ஆயர், பாவம், ஒன்றும் தெரியாமல் அதை மைக்கில் அப்படியே வாசித்தாராம். "என் கணவர் பிரேம்நாத் குடிக்கிறார். பதினோரு வருடமாகச் சுகவீனம் என்று எழுதிப் பொய் சொன்னேன். களைத்துப் போய்விட்டேன். எனக்காக ஜெபியுங்கள். இப்படிக்கு ஹெலன்." சபை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். நீ தலையைக்கூடக் குனியவில்லையாம்.

அவனுக்காக என்றுகூட எழுதவில்லை. எனக்காக!

அம்மா இறந்தபோது பிரேமுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டேன். அவன் பெயரை இப்படி மைக்கில் கேட்கவா? ஆகஸ்ட் 23 ப்ரிசில்லாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆம்பூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு இன்னொரு சீட்டு போடு. மனம் சரியில்லாத நேரத்தில் தப்பாக எழுதிவிட்டேன், என் கணவருக்கு அல்சர்தான் என்று எழுது. அவன் ஏதோ கொஞ்சம் குடிக்கிறான், நான் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை ஓடி விளையாடினால் எவனும் கடை வாசலுக்குப் போக மாட்டான். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிறிஸ்டினா

---

ஆம்பூர்
19.6.2024

அக்கா,

வேலை முடிந்து வந்தபோது உங்கள் கடிதம் கதவிடுக்கில் இருந்தது. நின்றபடியே படித்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது தடவை படிக்க எனக்குத் தேவை இல்லை.

நான் தப்பாக எழுதவில்லை. இதுவரை போட்ட சீட்டுகளிலேயே தப்பாக எழுதாதது அது ஒன்றுதான்.

பதினோரு வருடமாக அந்தப் பெட்டியில் நான் போட்ட சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு இல்லாத வியாதி இல்லை. அல்சர், மூட்டு வலி, மஞ்சள் காமாலை, விஷக் காய்ச்சல். ஷூ ஃபாக்டரியிலும் அதே கதைதான். அவர் கட்டிங் செக்ஷன், நான் செக்கிங். அவர் எழுந்திருக்க முடியாத நாளெல்லாம் நான்தான் கட்டிங் சூப்பர்வைசர் நயீம் பாய்க்குப் போன் போடுவேன். போன மாதம் அவர் கேட்டார்: "இன்னா ஹெலன்மா, ஒரே மாசத்துல ரெண்டு தடவ டைபாய்டா? டாக்டரை மாத்துங்கம்மா." நல்ல மனிதர். சிரிக்காமல் கேட்டார்.

ஜூன் 8, சனிக்கிழமை, எனக்கு நிஜமாகவே காய்ச்சல். நூற்று இரண்டு. உங்கள் தம்பியோ குடித்துவிட்டுச் சமையலறை வாசலில் படுத்துக் கிடந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நயீம் பாய்க்குப் போன் போட்டு, அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போனேன். புரிகிறதா அக்கா? என் காய்ச்சலை அவருக்குக் கொடுத்துவிட்டு, எட்டு மணி நேரம் நின்று ஷூ பார்த்தேன். மறுநாள் கோவிலுக்குப் போய் அந்தச் சீட்டை எழுதினேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஷூவில் குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அது ஷூவை அசிங்கப்படுத்த இல்லை. அம்பு ஒட்டாவிட்டால் அடுத்த ஆள் எதைச் சரி செய்வார்?

பிள்ளை விஷயம். எங்கள் தெருவில் நான்கு பிள்ளை பெற்றவனும் தினம் குடிக்கிறான். அவன் மனைவியிடம் போய், உனக்குப் பிள்ளை ஜாஸ்தி, அதனால்தான் குடிக்கிறான் என்று சொல்வீர்களா? இனி இதை எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இன்னொரு சீட்டு போட மாட்டேன்.

ஹெலன்

---

அரக்கோணம்
26.6.2024

ஹெலன்,

வாய் ஜாஸ்தியாகிவிட்டது உனக்கு. கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நான் போடவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். உனக்குக் களைப்பாக இருந்தால் என் தம்பியை இங்கே அனுப்பு. ஒரு மனிதனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உனக்குக் காட்டுகிறேன். அவனுக்கு வேண்டியது வேளாவேளைக்கு நல்ல சாப்பாடும், காலையும் மாலையும் வேதம் வாசிக்கிற வீடும், எந்நேரமும் குத்திக் காட்டாத ஒரு மனுஷியும். நிச்சயத்தன்று அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தாய்மாமனாக என் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்பான். அப்போது உன் சீட்டு பொய்யென்று ஊருக்கே தெரிந்துபோகும்.

கிறிஸ்டினா

---

ஆம்பூர்
3.7.2024

அக்கா,

அனுப்புகிறேன். ஞாயிறு காலை ரயிலில் வருவார். நான் மிரட்டி அனுப்பவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அக்கா வூட்டுக்குப் போறேன். அங்கயாவது என்னை மனுஷனா பாப்பாங்க" என்றார். எட்டு சட்டை எடுத்து வைத்தேன். பெட்டியைத் தேய்த்துத் துடைத்தேன். துடைக்கும்போது அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கல் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரே ஒரு விஷயம் கோபத்தை விட்டுவிட்டுப் படியுங்கள். அவரைப் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். இத்தனை வருடம் தினம் குடித்த உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குடிக்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்கென்று சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடக்கிறது. மூன்று வாரமாக அங்கே போகிறேன். அவர் வரவில்லை. நான் மட்டும் போகிறேன்.

அங்கே பேர்ணாம்பட்டிலிருந்து அக்தரி பேகம் என்று ஒரு அம்மா வருகிறார். அவர் மகன் குடிக்கிறான். "ஊர்ல எல்லார்கிட்டயும் அவனுக்கு சக்கரைன்னு சொல்லி வச்சேன். இப்ப எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பிரியாணிக்கப்புறம் எல்லாருக்கும் ஸ்வீட் தர்றாங்க, அவனுக்கு மட்டும் தர்றதில்ல. அதுக்கும் எங்கிட்டயே சண்டை போடறான்" என்றார். அந்த அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "நீங்க ஊத்திக் கொடுத்தீங்களா?" இல்லை என்றேன். "அப்போ நீங்க நெனச்சா மட்டும் எப்படி நின்னுடும்?" இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

ஹெலன்

---

அரக்கோணம்
20.7.2024

ஹெலன்,

இன்றோடு பதின்மூன்று நாள். ஒரு சொட்டுத் தொடவில்லை. டாக்டரும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டு அன்போடு சோறு போட்டால் போதும்.

காலையில் எழுந்து அரை மணி நேரம் குளிக்கிறான். முன்பு குளிக்கச் சொன்னால் ஓடுவான். மாலையில் ரயிலடி வரை தனியாக நடந்துவிட்டு வருகிறான், உடம்புக்கு நல்லதாம். பல்லுக்கு நல்லது என்று எந்நேரமும் ஏலக்காய் மெல்கிறான், வீடே மணக்கிறது. இரவுச் சாப்பாடுதான் கொஞ்சம் கம்மி. எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறான்.

பக்கத்து வீட்டுக்காரி, உங்க தம்பிக்கு ஏன் கை நடுங்குகிறது என்று கேட்டாள். சுகர் என்று சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

நீ அங்கே தனியாக என்ன செய்கிறாய்? ஒரு வார்த்தைகூட அவனை விசாரித்து எழுதவில்லை.

கிறிஸ்டினா

---

ஆம்பூர்
27.7.2024

அக்கா,

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தூங்குகிறேன். கதவுச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் தூங்குகிறேன். போன ஞாயிறு மீன் வாங்கி எனக்கு மட்டும் குழம்பு வைத்தேன். முழுக்க முழுக்க எனக்குப் பிடித்த புளிப்பில். சாப்பிட்டு முடித்த பிறகு, இப்படிச் சந்தோஷமாக இருக்கலாமா என்று பயமாக இருந்தது. அரை மணி நேரம் பயந்துவிட்டு, மீதிக் குழம்பையும் சாப்பிட்டேன்.

இப்போது உங்கள் கடிதம். எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்கா, அரை மணி நேரக் குளியல், ஏலக்காய், தனி நடை, எட்டு மணித் தூக்கம். இந்த நான்கும் எனக்கு மனப்பாடம். குளியலறையில் ஃப்ளஷ் டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள், அல்லது பார்க்காதீர்கள். நான் பத்து வருடம் போலீஸ் வேலை பார்த்தேன். பீரோ, அரிசி டிரம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற அட்டைப்பெட்டி. கண்டுபிடித்த பாட்டில்களால் அவர் ஒரு நாள்கூடக் கம்மியாகக் குடிக்கவில்லை. எனக்குத்தான் முடி கொட்டியது.

உங்களைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. பாட்டில் கிடைத்தால், நம் சோற்றில்தான் என்ன குறை என்று உட்கார்ந்து அழுவீர்கள். அழாதீர்கள். உங்கள் சோற்றில் குறை இல்லை. என் சோற்றிலும் குறை இருந்ததில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரியிடம் சுகர் என்று சொன்னீர்களே, அப்படித்தான் அக்கா, நானும் ஒரு பேச்சுக்குத்தான் ஆரம்பித்தேன்.

ஹெலன்

---

அரக்கோணம்
14.8.2024

ஹெலன்,

உன் கடிதம் பதினைந்து நாளாக மேசையில் கிடக்கிறது. டாங்கைத் திறந்து பார்த்தாயா என்று கேட்காதே. என் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும்.

நிச்சயத்துக்கு இன்னும் ஒன்பது நாள். நீ வர வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீ வாயைத் திறந்தால் என் மகள் வாழ்க்கை போய்விடும். நீ கடைசிவரை அந்த இன்னொரு சீட்டைப் போடவே இல்லை. சின்னதாக ஒரு வரி. அதைக்கூட எனக்காக எழுத உனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கு ஒரு நாள் அவன் நேராக நின்றால் போதும். அதற்கு வேண்டியதை நான் செய்துகொள்கிறேன். எனக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

கிறிஸ்டினா

---

அரக்கோணம்
30.8.2024

ஹெலன்,

ப்ரிசில்லா போன் செய்ததும் நீ ஃபாக்டரி உடுப்போடு ஓடி வந்தாய். ஆஸ்பத்திரியில் பெஞ்சில் என் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாய். மறுநாள் ஆம்புலன்ஸில் அவனோடு வேலூருக்குப் போனாய். இத்தனைக்கும் நடுவில், நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது அழுதிருப்பேன். நேரில் உன்னிடம் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

நீ கண்டிப்பாகச் செய்யாதே என்று சொன்ன அந்த ஒன்றைத்தான் நான் செய்தேன். புதன்கிழமை காலையில் அவனைப் பின்னறையில் விட்டு வெளியே பூட்டினேன். ரெண்டு நாள் குடிக்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமை தெளிவாக நிற்பான் என்று கணக்குப் போட்டேன். கதவைத் தட்டினான். "அக்கா, உடம்பு என்னமோ பண்ணுதுக்கா, தொறக்கா" என்று கெஞ்சினான். நாடகம் என்று நினைத்தேன். வெளியே நின்று சங்கீதம் பாடினேன், ஹெலன். அவன் சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்கப் பாடினேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹாலில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். அந்தச் சட்டையைத்தான் அவன் தலைக்கு அடியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், குடிப்பாரா என்று. "ஐயோ, இல்ல டாக்டர். சுகர்." யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. சுகருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்க தப்பா சொன்னா நான் தப்பா வைத்தியம் பார்ப்பேன். இன்னொரு தடவ கேக்கறேன்" என்றார். சம்பந்தியம்மா என் பக்கத்தில் நின்றார்கள். வழியில் வேனில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு வந்ததே அவர்கள்தான்.

"குடிப்பான் டாக்டர். செவ்வாக்கிழம வரைக்கும் குடிச்சான். நான்தான் பூட்டி வெச்சேன்."

சொல்லிவிட்டேன். அப்போதும் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! சம்பந்தியம்மா மாலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், "எத்தினி வருஷமா?" அவ்வளவுதான். மோதிரம் மாற்றவில்லை. அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும். "மாமா உயிரோட இருக்கார்ல, அது போதும்மா" என்கிறாள் ப்ரிசில்லா.

டாங்கைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் முதல் தேதியே பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

பிள்ளையைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்பு கேட்கிற தகுதிகூட எனக்கு இல்லை.

கிறிஸ்டினா

---

ஆம்பூர்
6.9.2024

அக்கா,

பிள்ளையைப் பற்றி எழுதியதை நான் மறக்க மாட்டேன். மன்னிக்கிறேனா என்று போகப் போகப் பார்க்கலாம். இப்போதைக்கு அதைத் தள்ளி வைக்கிறேன்.

பூட்டியதற்காக உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். 2019 ஈஸ்டருக்கு முந்தின நாள் நானும் அவரைப் பூட்டியிருக்கிறேன். பின்பக்கக் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன், அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம். அவர் அந்த வழியாகக் கடைக்குப் போனார். அன்றைக்கு என் மறதி அவரைக் காப்பாற்றியது என்று இப்போதுதான் தெரிகிறது.

வார்டில் நன்றாக இருக்கிறார். நடுக்கம் நின்றுவிட்டது. இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிடுகிறார். நேற்று, "எப்ப வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டார். "பூட்டு மாத்தல, சாவி உங்ககிட்டயே இருக்குது. ஆனா ஒண்ணு, இனிமே நயீம் பாய்க்கு நீங்களே போன் போடணும். என் வாயால உங்களுக்குக் காய்ச்சல் வராது" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். நேற்று டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் இரண்டு தடவை இருக்கையை விட்டு எழுந்தேன். ஆனாலும் இறங்கித் திரும்பிப் போகவில்லை.

மறுபடி குடிப்பாரா? குடிக்கலாம். டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்கிறார். அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நான் சனிக்கிழமை கூட்டத்துக்குப் போவேன், ஞாயிறு மீன் குழம்பு வைப்பேன். லைன் சூப்பர்வைசர் வேலையை மூன்று தடவை வேண்டாம் என்றிருக்கிறேன், வீட்டில் அவரைப் பார்க்க ஆள் இல்லை என்று. நாலாவது தடவை கேட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து சேர்கிறேன். எனக்கு அவர் மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் அக்காக்களும் வருகிறார்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி இருக்கும்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுங்கள். போனில் பேசினால் நாம் இருவருமே கத்துவோம்.

ஹெலன்

---

அரக்கோணம்
15.9.2024, ஞாயிறு

அன்புள்ள ஹெலன்,

தோத்திரம். இன்றைக்குக் கை வந்தது.

கோவிலிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன். எங்கள் சபையிலும் வாசலில் ஜெபப் பெட்டி இருக்கிறது. பத்து நாளாகச் சீட்டு எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் தம்பிக்குச் சுகவீனம் என்றே வந்துவிட்டது, பழக்க தோஷம். கடைசியில் இப்படி எழுதினேன்:

"என் தம்பி குடிக்கிறான். அதை மறைக்கப் போய் அவனைக் கொல்லப் பார்த்தேன். அவனுக்காகவும், பதினோரு வருடம் தனியாகச் சுமந்த அவன் மனைவி ஹெலனுக்காகவும், எனக்காகவும் ஜெபியுங்கள். கிறிஸ்டினா, ரயில்வே குவார்ட்டர்ஸ்."

மூன்றாவது வரிசையில் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று தெரியாது. பதில் சொல்லத்தான் வந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் சீட்டைப் பெட்டியில் போட்டேன்.

எங்கள் ஆயர் பழைய ஆள், உங்கள் ஆயரைப் போல இல்லை. ஆராதனைக்கு முன்னாலேயே சீட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிடுவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காதோரமாக, "கிறிஸ்டினாம்மா, உடல் சுகவீனம்னு வாசிச்சிடட்டுமா?" என்று கேட்டார். நல்லதற்குத்தான் கேட்டார். எத்தனை வீட்டுக்கு அவர் இப்படி நல்லது செய்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேணாம் ஐயா" என்றேன். "எழுதி இருக்கறத வாசிங்க."

வாசித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

கிறிஸ்டினா